நாணயச் சேகரிப்பில் திசை காண்பது எப்படி?

நாணயம் சேர்க்கத் தொடங்கி ஓராண்டோ இரண்டாண்டோ ஆனவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் காணலாம். ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் பாட்டி கொடுத்த காலணா நான்கைந்து, சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தந்த சென்ட் காசுகள், கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று, மளிகைக் கடைச் சில்லறையில் அகப்பட்ட நினைவு நாணயங்கள், எந்த நாட்டுடையது என்றே தெரியாத பித்தளைக் காசு ஒரு பிடி. டப்பா நிறைந்துகொண்டே போகும். ஆனால் நீங்கள் என்ன சேகரிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், பழைய காசு என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆர்வம் வற்றத் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். காசு கிடைக்காததால் இந்தப் பழக்கத்தை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்து எதைத் தேடுவது என்று தெரியாமல் விட்டவர்களையே நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேகரிப்புக்குத் திசை என்று நான் சொல்வது ஒரு கேள்வியை. அந்தக் கேள்விக்கு எல்லை இருக்க வேண்டும். எல்லை இருந்தால்தான் நம்மிடம் எது இல்லை என்பது தெரியும். எது இல்லை என்று தெரிந்தவரால்தான் தேட முடியும். பழைய காசு என்பதற்கு எல்லை கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்ட செப்புக் காசுகள் என்பதற்கு உண்டு. முதலாவது குவியலாகவே நின்றுவிடும். இரண்டாவது ஒரு சேகரிப்பாக வளரும்.

முதலில் வாங்குவதை நிறுத்துங்கள்

ஒரு மாத காலம் எந்தக் காசையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறை நாள் ஒன்றின் காலைப் பொழுதில், வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரம் வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து விரித்து, டப்பாவில் உள்ள அனைத்தையும் அதன் மேல் பரப்புங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று, ஒரு காந்தம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் ஆகியவை இருந்தால் போதும். காசை எப்போதும் விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். விரல் ரேகை பதிந்தால் செம்பிலும் வெள்ளியிலும் நாளடைவில் அது கறையாகவே தங்கிவிடும்.

முதல் பிரிப்பைக் காலத்தை வைத்துச் செய்யுங்கள். 1950க்குப் பிறகு வந்த குடியரசுக் காசுகள் ஒரு புறம். 1835 முதல் 1947 வரையிலான ஆங்கிலேயர் காலத்தவை இன்னொரு புறம். அதற்கு முந்தியவை, சமஸ்தானங்கள் வெளியிட்டவை, அயல்நாட்டுக் காசுகள் தனித்தனியே. இது அரை மணி நேர வேலை. இதற்குப் பிறகு செய்ய வேண்டிய பிரிப்புதான் முக்கியமானது. இந்தக் காசுகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றால் எந்தப் பத்தை வைத்துக்கொள்வீர்கள்? விலையை மனத்தில் கொள்ளாமல் அந்தப் பத்தை எடுத்துத் தனியே வையுங்கள். ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்தப் பத்து வரிகளையும் சேர்த்துப் படித்தால் உங்கள் மனம் சாயும் பக்கம் தெரியும். சிலருக்கு அது எழுத்தாக இருக்கும். காசின் மேல் உள்ள தமிழ், தெலுங்கு, பாரசீக எழுத்துகளை வாசிப்பதிலேயே அவர்களுடைய மகிழ்ச்சி இருக்கும். சிலருக்கு அது ஊராகவும், சிலருக்கு உலோகமாகவும், சிலருக்கு வீட்டுப் பெரியவர்கள் கையாண்ட காலமாகவும் இருக்கும்.

நான் இப்படி எடுத்து வைத்த பத்தில் மூன்று ஓட்டைக் காலணாக்கள் இருந்தன. என் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து வந்தவை அவை. சந்தையில் அவற்றுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனாலும் என் கை அவற்றை நோக்கித்தான் முதலில் போனது. என் சேகரிப்பு ஒழுங்குபட்டது அந்த மூன்று காசுகளால்தான் என்பதால், எல்லை வகுப்பதற்கு அவற்றையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

ஓட்டைக் காலணா: முதல் தொகுதிக்கு ஏற்ற காசு

ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு காலணா என்று எண்ணிய காலத்தில், ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு காலணா. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்து 1942 வரை வந்த காலணா ஏறத்தாழ 4.86 கிராம் எடை கொண்டது. இரண்டாம் உலகப் போரில் செம்புக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தபோது, 1943 முதல் நடுவில் ஓட்டையிட்ட சிறிய காசாக அதை மாற்றினார்கள். அதன் எடை ஏறத்தாழ 2 கிராம்தான். ஒரு பழைய காலணாவுக்குத் தேவைப்பட்ட உலோகத்தில் இரண்டு புதிய காலணா அச்சிட்டு, இன்னும் மிச்சமும் பிடிக்க முடிந்தது. ஓட்டை இருந்ததால் மன்னரின் முகத்துக்கு இடமில்லாமல் போய், மேலே ஒரு மகுடம் மட்டும் நின்றது. மறுபக்கம் இலை வளையம். காலணாவுக்கு அன்று பைசா என்றும் பெயர் என்பதால், இந்தியிலும் உருதுவிலும் ஒரு பைசா என்று எழுதியிருக்கும்.

இந்தக் காசை லென்சின் கீழ் வைத்து, மகுடத்தை மட்டும் பாருங்கள். மூன்று காசு இருந்தால் மூன்றிலும் மகுடம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றில் தட்டையாக இருக்கும், இன்னொன்றில் வளைந்து உயர்ந்திருக்கும். அடுத்து ஆண்டு எண்ணைச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள். சிலவற்றில் சிறு குறி எதுவும் இருக்காது. சிலவற்றில் புள்ளியோ சிறு சாய்சதுரமோ இருக்கும். சிலவற்றில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எல் என்றால் லாகூர். அந்தப் போர்க்காலத்தில் கல்கத்தாவும் பம்பாயும் மட்டும் போதாமல் லாகூரிலும் நாணயச்சாலை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இந்தக் காசை அச்சிடச் செய்தார்கள். பாட்டியின் சுருக்குப்பைக்குள் கிடந்த மூன்று காசுகளில் ஒன்று லாகூரிலிருந்து வந்தது என்று தெரிந்த அன்று மாலை நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஊரில் அச்சான காசு, ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வெற்றிலைப் பாக்குச் செலவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஓட்டைக் காலணா 1947 வரைதான் வந்தது. ஆக, ஐந்து ஆண்டுகள், ஒரு கைப்பிடி நாணயச்சாலைகள், மகுடத்தின் சில வடிவ வேறுபாடுகள் என்று இந்தத் தொகுதியின் எல்லையைத் தெளிவாகக் கோடு போட்டுவிடலாம். நோட்டில் ஒரு கட்டம் வரையுங்கள்: இடப்புறம் ஆண்டுகள், மேலே நாணயச்சாலைகள். இருப்பதற்கு நேராக ஒரு குறியிடுங்கள். காலியான கட்டங்களே உங்கள் தேடல் பட்டியல். இந்தப் பட்டியலோடு கண்காட்சிக்குப் போகும் ஒருவர், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கும் ஒருவரைவிடக் குறைவாகச் செலவழிப்பார்; திரும்பி வரும்போது அவரைவிட அதிகம் கற்றுக்கொண்டு வருவார்.

நம் மண்ணில் இருக்கும் வழிகள்

ஓட்டைக் காலணா எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தொடங்குபவருக்கு இன்னும் பல வழிகள் திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு விதமான உழைப்பைக் கேட்கும்.

குறைந்த செலவில், வீட்டுச் சில்லறையிலிருந்தே தொடங்கக்கூடியது குடியரசுக் காசு. இதிலும் 1950 முதல் இன்று வரை அனைத்தும் என்று கிளம்பினால் மறுபடியும் டப்பாதான் நிறையும். நயா பைசா தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு போய் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தது. 1964 ஜூன் மாதத்தில் நயா என்ற சொல் விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 1, 2, 5, 10, 25, 50 என்று ஆறு மதிப்புகள். ஐந்து சதுரமாகவும், இரண்டும் பத்தும் அலைபோன்ற விளிம்போடும் இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் தடவிப் பார்த்தே அடையாளம் காணும்படி வடிவமைத்தார்கள். ஒரு நயா பைசாவைத் திருப்பிப் பார்த்தால் ரூபாயின் நூறில் ஒரு பங்கு என்று இந்தியில் விளக்கமே எழுதியிருக்கும். புதிய கணக்கை மக்களுக்குக் காசே சொல்லிக் கொடுத்தது. இதே ஒரு நயா பைசா முதலில் வெண்கலத்திலும், 1962இல் தொடங்கி நிக்கல் கலந்த பித்தளையிலும் வந்தது என்பதால் நிறத்திலேயே வேறுபாடு தெரியும்.

குடியரசுக் காசுகளில் கைவைக்கும் எவரும் நாணயச்சாலைக் குறியை, அதாவது சேகரிப்பாளர்கள் மின்ட் மார்க் என்று சொல்வதை, முதல் வாரத்திலேயே பழகிவிட வேண்டும். ஆண்டு எண்ணுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா என்பது பொதுவான விதி. ஐதராபாத்துக்கு வேறு சில குறிகளும் உண்டு. சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்ட 1980களில் வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் இந்தியக் காசுகள் அச்சிடப்பட்டன. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் எச் என்ற ஆங்கில எழுத்தைக் கண்டால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானது.

நினைவு நாணயங்களில் நாட்டம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடையவை என்ற எல்லை அழகாகப் பொருந்தும். 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் காசுகள், காமராசர் நூற்றாண்டுக் காசு, அண்ணா நூற்றாண்டுக்காக அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு 2009இல் வந்த ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக 2010இல் வந்தது, சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். ஆகியோரின் நூற்றாண்டுக் காசுகள், 2024இல் வெளியான கலைஞரின் நூறு ரூபாய் நாணயம் என்று இந்த வரிசை இன்னும் நீள்கிறது. ஐந்து ரூபாய்க் காசுகள் பல புழக்கத்திலேயே கிடைத்தவை. நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் மதிப்பிட்டவை புழக்கத்துக்கு வருவதில்லை. அரசின் நாணயச்சாலைகளை நடத்தும் நிறுவனமான எஸ்.பி.எம்.சி.ஐ.எல். அவற்றைப் பெட்டியிலிட்டு நேரடியாக விற்கிறது. வெளியீட்டின்போது அங்கேயே பதிவு செய்து வாங்குவது நல்லது. இடைத்தரகரிடம் போனால் விலை ஏறிவிடும்.

வரலாற்றில் தோய விரும்புபவருக்குக் கடற்கரையோரம் ஐரோப்பியர்கள் வெளியிட்ட காசுகள் இருக்கின்றன. என் மனத்துக்கு மிக நெருக்கமானவை இவை. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் ஈயத்திலும் செம்பிலும் காசு வெளியிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் செப்புக் காசில் ஒரு பக்கம் அவர்கள் அரசரின் லில்லிப் பூச் சின்னமும் மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்ற பெயரும் இருக்கும். காரைக்கால் என்று தமிழில் பொறித்த காசுகளும் உண்டு. அவர்கள் தங்கள் ஆவணங்களில் டூடு என்று எழுதி வைத்தது நம் வாயில் இன்னும் வழங்கும் துட்டுதான். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோகோ நாணயச்சாலையில் 1803இலும் 1808இலும் அச்சிடச் செய்த பத்துக் காசும் இருபது காசும் தனிக் கதை. இருபது காசு நாணயத்தின் மேல், ‘இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும்’ என்று பாரசீகத்தில் எழுதியிருக்கும்; ஃபலூஸ் என்பது அன்றைய செப்புக் காசின் பெயர். 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்டினர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது; 1980களில் மூழ்கு வீரர்கள் அக்காசுகளைக் குவியல் குவியலாக எடுத்தார்கள். சென்னைக்கு வந்து சேரவே முடியாத சென்னைக் காசுகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர் கைகளில் இருக்கின்றன.

சமஸ்தானக் காசுகளில் புதுக்கோட்டை அம்மன் காசு தொடக்கநிலையினருக்கு ஏற்றது. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் விஜய என்ற தெலுங்கு எழுத்து. கையால் அடித்த பழையவற்றையும் இயந்திரத்தில் அச்சிட்ட பிந்தையவற்றையும் அருகருகே வைத்தால் வேறுபாடு சொல்லாமலே விளங்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் திருவிதாங்கூரின் காசும் சக்கரமும் பணமும் வீட்டுப் பரணிலேயே கிடைக்கலாம். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற அந்தக் கணக்கைப் பழகுவதே ஒரு சுவை.

சோழர் காசு வேண்டும் என்ற ஆசை ஏறத்தாழ எல்லோருக்கும் வரும். நிறைவேறக்கூடிய ஆசைதான். முதலாம் இராசராசனின் செப்புக் காசு ஏராளமாக அச்சிடப்பட்டது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் அதன் அருகே ஸ்ரீ ராஜராஜ என்ற நாகரி எழுத்தும். தமிழ் மன்னரின் காசில் நாகரி எழுத்தைக் கண்டு வியப்பவர்கள், ஏன் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தாலே ஒரு நல்ல சேகரிப்புக்கு வழி கிடைத்துவிடும். இதே வடிவத்தை ஈழத்தில் பராக்கிரமபாகு, லீலாவதி போன்ற ஆட்சியாளர்கள் தங்கள் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தினார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே காசு வடிவம் நடந்த கதையை நான்கைந்து காசுகளில் சொல்லிவிடலாம்.

சங்ககாலக் காசுகளில் மட்டும் தொடக்கத்திலேயே இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். பாண்டியரின் சதுரச் செப்புக் காசும், பெருவழுதி, மாக்கோதை என்ற பெயர் பொறித்த காசுகளும் தமிழ் வரலாற்றையே திருத்தி எழுத உதவியவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் பல ஆண்டுகள் உழைத்து வாசித்தவை. அதனாலேயே போலிகளும் இங்குதான் மிகுதி. அனுபவமில்லாத கண்ணுக்கு உண்மையும் போலியும் ஒன்றாகத்தான் தெரியும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கு நான்கைந்து முறை போய், அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, மூன்றாண்டு கழித்து வாருங்கள்.

வாங்கும் முன் அறிய வேண்டியவை

திசை முடிவானதும் முதல் செலவைப் புத்தகத்துக்கோ நல்ல பட்டியல் நூலுக்கோ செய்யுங்கள். உங்கள் துறையின் மையமான ஒரு காசை எடுத்துக்கொண்டு அதன் எடை, விட்டம், உலோகம், எழுத்தின் வடிவம் ஆகியவற்றை மனப்பாடமாக அறிந்துகொள்ளுங்கள். வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரை அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 1940 முதல் பாதிதான் வெள்ளி, எடையோ மாறவில்லை. 1946, 1947 ஆண்டுகளின் ரூபாய் வெள்ளியே கிடையாது, நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1835 முதல் 1945 வரையுள்ள எந்த ரூபாய் காந்தத்தில் ஒட்டினாலும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டாவிட்டால் மட்டும் அசலாகிவிடாது. அடுத்து தராசில் வையுங்கள். 1862 என்று ஆண்டிட்ட விக்டோரியா ரூபாயை 1874 வரை அதே ஆண்டோடு அச்சிட்டார்கள், உண்மையான ஆண்டைக் கண்டுபிடிக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ண வேண்டும் என்பது போன்ற நுட்பங்கள் ஒவ்வொரு துறையிலும் உண்டு. அவற்றை அறிந்தவரிடம் வியாபாரி பேசும் விதமே மாறிவிடும்.

இராமர் பட்டாபிஷேகம், அனுமன் போன்ற உருவங்களும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் கொண்டு வரும் செப்புக் காசுகள் கம்பெனி அச்சிட்டவை அல்ல. கம்பெனி அப்படியொரு காசு வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் இரிடியக் காசு என்பது அப்பட்டமான மோசடி. அதில் வீட்டையே இழந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. வைஷ்ணவ தேவி உருவமிட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுக்குப் பல லட்சம் கிடைக்கும் என்று வாட்சாப்பில் வரும் செய்திகளையும் நம்ப வேண்டாம். அது 2012இல் ஏராளமாக வெளியிடப்பட்ட சாதாரண நினைவு நாணயம். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள் குறித்து அந்த வங்கியே 2021இல் எச்சரிக்கை வெளியிட்டது.

ஒரே வகைக் காசு மூன்று மோசமான நிலையில் மலிவாகக் கிடைப்பதைவிட, எழுத்து முழுதும் வாசிக்கும்படி உள்ள ஒன்றை அதே விலைக்கு வாங்குவதே சரி. பழங்காசுகளில் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். தரங்கம்பாடி ஈயக்காசு தெளிவாகக் கிடைக்க வேண்டும் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது.

காசைத் தேய்க்காதீர்கள்

தொடக்க நாளில் எனக்கு ஒரு 1862ஆம் ஆண்டுக் காலணா கிடைத்தது. விக்டோரியாவின் தலைமுடி இழை இழையாகத் தெரியும். மேலே வறுத்த காப்பிக் கொட்டை நிறத்தில் ஒரே சீரான படலம். அழுக்கு என்று நினைத்து, பித்தளைச் செம்பைத் துலக்குவது போலப் புளியும் உப்பும் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் புதுச் செம்பாக மின்னியது. அன்று எனக்கு அளவில்லாத பெருமை. பத்து நாளில் இளஞ்சிவப்பும் கருப்புமாகத் திட்டுத் திட்டாக மாறியது. லென்சில் பார்த்தால் அரசியின் கன்னத்தில் நூறு கீறல்கள். அந்தப் படலம் உருவாக நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுதான் காசைக் காத்து வந்திருக்கிறது, சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் காசை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

புளி, எலுமிச்சை, சாம்பல், துலக்கும் பொடி, பற்பசை எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான பி.வி.சி. உறைகள் சில ஆண்டுகளில் பச்சை நிறப் பிசுக்கைக் காசில் ஏற்றிவிடும். அட்டைச் சட்டம் வைத்த உறைகளோ அமிலமில்லாத காகித உறைகளோ பாதுகாப்பானவை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று செம்பை வேகமாகத் தின்னும் என்பதால், மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி அறிந்திருப்பது அவசியம். நூறு ஆண்டைக் கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் எவரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. நிலத்தில் புதையலாகக் கிடைத்தவற்றை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவை ஒன்றாகப் பதிவானதால்தான் அவற்றில் பெரும்பாலானவை வேண்டுமென்றே வெட்டப்பட்டிருந்தன என்பது வரலாற்றுக்குத் தெரியவந்தது. ஆளுக்கொன்றாகப் பிரித்து விற்றிருந்தால், வெட்டுப்பட்ட ஒரு தங்கக் காசு எவருக்கும் எதையும் சொல்லியிருக்காது. ஆற்று மணலிலோ வயலிலோ கிடைத்தது என்று சொல்லி விற்க வருபவரிடம் எந்த இடம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பதிவு நோட்டும் மீதமுள்ள காசுகளும்

ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, எங்கே, எப்போது, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது, எடை என்ன, ஏன் வாங்கினேன் என்பதை எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். உரியவர் மறைந்த பிறகு, என்னவென்று தெரியாமல் முழுச் சேகரிப்பையும் உலோக விலைக்கு எடைபோட்டுக் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

திசைக்குள் வராத காசுகள் டப்பாவில் மிஞ்சும். அவற்றை உடனே விற்க வேண்டியதில்லை. ஓராண்டு தனியே வைத்திருங்கள். அந்த ஓராண்டில் ஒரு முறையும் எடுத்துப் பார்க்காத காசுகளைச் சேகரிப்பாளர் கூட்டங்களுக்குக் கொண்டு போய் மாற்றிக்கொள்ளலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் நாணயக் கண்காட்சிகள் நடக்கின்றன. அங்கே நீங்கள் தேடும் காசு இன்னொருவரின் மிச்ச டப்பாவில் கிடக்கும். மூத்த சேகரிப்பாளரிடம் போய் நல்ல காசு எது என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்கள் கட்டத்தைக் காட்டி, 1945ஆம் ஆண்டு லாகூர்க் காலணாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று கேளுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்.

சில ஆண்டுகள் கழித்து உங்கள் கேள்வி மாறலாம். ஓட்டைக் காலணாவில் தொடங்கிய நான் இன்று பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் காசுகளைத்தான் தேடுகிறேன். சுருக்குப்பையிலிருந்து வந்த மூன்றையும் முதல் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்கு வரிசை எண் இடவில்லை.